சாம்பல் வீட்டில் நான்கு ஆண்டுகள்

"எப்போது பெயின்ற் அடிக்கப் போகிறீர்கள்?" அடித்து முடித்து இரண்டு கிழமை ஆன வீட்டின் விறாந்தையில் இருந்துகொண்டு பெரியம்மா கேட்ட கேள்வி இது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் சாம்பல் நிறச் சுவர் என்றால், கையில் காசு முடிந்து சீமெந்துப் பூச்சோடு நின்றுபோன வீடு என்றே பொருள். அம்மா அதற்கும் மேலே போய், "சுடலைச் சாம்பலையா வீட்டுக்குப் பூசுவது?" என்று கலர் அட்டையைப் பார்த்த அன்றே கேட்டிருந்தார்.

2021 மாசியில், மாரி ஈரம் சுவரை விட்டுப் போன பிறகு, யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கும் எங்கள் வீட்டில், சுவாமி அறை தவிர உட்புறம் முழுவதற்கும் ஒரே இளஞ்சாம்பலை அடித்தோம். அட்டையில் முத்திரை அளவில் அது மழைமேகம் போல இருந்தது. சுவரில் ஏறியதும் ஹோல் மட்டும் பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தது. பெயின்ற் அடித்தவரிடம் சத்தம் போட்டேன். அவர் பேசாமல் மீதி வாளியைத் திறந்து காட்டினார். அறைகளுக்கு அடித்ததும் அதுவேதான். குற்றவாளி எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது: அப்பப்பா காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை. சிவப்பை அடுத்து நிற்கும் சாம்பல், சிவப்பின் எதிர்நிறத்தின் பக்கம் சாய்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளரிடம் இதே வழக்குப் போயிருக்கிறது. கோபலின் என்ற பாரிஸ் நெசவுக்கூடத்துக் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு. சாயத்தில் பிழையே இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைக்கின்றன என்று அவர் கண்டுபிடித்தார். நான் சண்டைக்குப் போகுமுன் இதை வாசித்திருக்கலாம்.

என் தெரிவிலும் பிழை இருந்தது. வெள்ளையில் கறுப்பை மட்டும் கலந்தால் வருவது நீலம் ஓடும் சாம்பல். மஞ்சளோ சிவப்போ துளி சேர்ந்தால்தான் அது வெதுவெதுப்பாகும். இரண்டையும் பிரித்தறிய இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். அட்டையில் அதே வரிசையின் ஆகக் கடும் நிறத்தைப் பார்ப்பேன். இளநிறத்தில் ஒளிந்திருக்கும் நீலமோ பச்சையோ அங்கே வெளிப்பட்டுவிடும். பிறகு ஒரு பலகையில் அடித்து, நன்றாகக் காய விட்டு, காலை, நண்பகல், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் அதைத் தரையோடும் கதவோடும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எமல்ஷன் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும்.

சுவரைத் திரும்ப அடிக்கப் பணம் இல்லாததால் முதலில் மாற்றியது மின்குமிழ்களை. 6500 கெல்வின் என்ற, நீலம் சாயும் வெள்ளை ஒளியில் ஹோல் ஆஸ்பத்திரி வார்ட்டாக இருந்தது. மஞ்சள் சாயும் 3000 கெல்வினுக்கு மாறிய அன்றிரவே பாதி நீலம் போய்விட்டது. அடுத்தது யன்னல் சீலை. கருநீலம் போட்டுப் பார்த்தோம், அறை இன்னும் குளிர்ந்தது. கடுகு மஞ்சள் போட்டதும் சுவர் ஒதுங்கிக்கொண்டது. முதிரை மரக் கதவுகளுக்குப் பெயின்ற் அடிக்காமல் வார்னிஷோடு விட்டதுதான் நான் யோசிக்காமலே செய்த நல்ல காரியம். சாம்பலுக்குப் பக்கத்தில் அந்தப் பொன்பழுப்பு எடுப்பாக நிற்கிறது. பழைய பனையோலைப் பெட்டிகளும் அப்படித்தான், வெள்ளைச் சுவரில் கண்ணில் படாமல் இருந்தவை இப்போது வருகிறவர்கள் விலை கேட்கும் பொருளாகிவிட்டன.

வடக்கு அறை தனிக்கதை. வடக்கு யன்னல் அறைக்கு நாள் முழுக்க நீல ஒளிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஐரோப்பாவுக்குச் சரி. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு 9.7 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், சித்திரைப் புத்தாண்டு கழிந்ததில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் அறை பொன்னாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் அதே சுவர் ஈயம். இரண்டு மாரி பொறுத்தோம். மூன்றாம் ஆண்டு அந்த அறைக்கு மட்டும் மண் சாயல் உள்ள சாம்பலை அடித்தோம். இப்போது மழை நாளிலும் முகம் வாடவில்லை.

குசினிக்குச் சாம்பலே வேண்டாம். தூளும் மஞ்சளும் தெறித்த சுவரைத் துடைத்தால் செம்மஞ்சள் வட்டம் அப்படியே நிற்கிறது.

வெளிச்சுவருக்கும் பின்னர் அதே இளஞ்சாம்பலை அடித்தோம். இந்தப் பக்கத்துச் செம்மண் முதல் மாரியிலேயே முழங்கால் உயரத்துக்குத் தெறித்துப் படிந்தது. சோளகக் காற்றுப் புழுதி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சுவரின் அடியில் கடும்நிறப் பட்டை அடிக்கும் பழைய வழக்கத்தை நாகரிகம் இல்லை என்று விட்டவன் நான். இப்போது இரண்டரை அடிக்குச் செங்கல் நிறப் பட்டை அடித்திருக்கிறேன். அதன் மேல் வெள்ளைக் கோடு, பிறகு சாம்பல். வீட்டைப் 'பூசி முடித்த வீடு' ஆக்கியது இந்தக் கோடுதான். பெரியம்மா கேள்வியை நிறுத்தியதும் அதன் பிறகுதான்.

சுவாமி அறையை அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே பழைய மஞ்சளே இருக்கிறது. மாலையில் விளக்கேற்றியதும், சாம்பல் ஹோலில் இருந்து திறந்த கதவு வழியே தெரியும் அந்த மஞ்சளை மிஞ்ச நான் பணம் கொடுத்து வாங்கிய எந்த நிறத்தாலும் முடியவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. ஹோலில் ஆணி அடித்த துளைகளை மறைக்க அதே பெயரில் சின்னத் தகரம் ஒன்று வாங்கி அடித்தேன். ஐந்து இடத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. மற்ற நிறங்களில் கண்ணுக்குத் தப்பும் வேறுபாடு சாம்பலில் தப்பாது. வடக்கு அறைக்கு அடித்தபோது மிஞ்சிய ஒரு லீற்றரை இறுக மூடி வைத்துவிட்டு, தகரத்தில் ஒட்டியிருந்த கலவை எண்ணை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.