பிக்கப்புக்கு நாலு ஷாக்கும் மாத்தினேன், கூடலூர் பட்டறை எப்படின்னு சொல்றேன்

கம்பத்துல இருந்து கோட்டயத்துக்கு வாரத்துல மூணு நடை பன்னீர் திராட்சை ஏத்திட்டுப் போற பொலேரோ பிக்கப் என்னோடது. ஷாக் அப்சார்பர் போச்சுங்கறது ஓட்டும்போது தெரியவே இல்லங்க, தினம் அதே சீட்ல உக்காந்தா ஒடம்பு பழகிருது, சரக்கு எறக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு. ட்ரேயைத் தூக்குன லோடுமேன் "அண்ணா, முந்திரி கொறே கொழிஞ்ஞல்லோ"ன்னாரு (அங்க திராட்சைக்கு முந்திரின்னுதான் பேரு), பாத்தா ஒவ்வொரு ட்ரே அடியிலயும் ரெண்டு கை அள்ளுற அளவுக்கு உதிர்ந்து கெடக்கு. உதிரிப் பழத்துக்கு என்ன வெல கெடைக்கும்னு யாவாரம் பண்றவங்களுக்குத் தெரியும். மொதல்ல தோட்டத்துல வெட்டுன ஆளுங்ககிட்டதான் சத்தம் போட்டேன், அது என் தப்பு, அப்புறம் போய் சொல்லிட்டு வந்தேன்.

இதுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடி வேற ஒரு எடத்துல காட்டிருந்தேன். பின்னாடி ஒரு ஷாக்குல ஆயில் ஒழுகுதுன்னு அந்த ஒண்ண மட்டும் மாத்திட்டு, லோடு வண்டிதானே எக்ஸ்ட்ரா ஒரு பட்டை (வண்டிக்கு அடியில பாரம் தாங்குற வளைஞ்ச இரும்புத் தகடு) போட்டா சரியாயிரும்னு பட்டையும் ஏத்திவிட்டாங்க. சரியாகல. லோடு எறக்கிட்டு வெறும் வண்டியா திரும்பும்போது இன்னும் மோசமா தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் எறக்கத்துல பிரேக்க மிதிச்சா மூக்கு குத்துது, பின்பக்கம் லேசா அலையுது, கார்த்திகை பொறந்தா அந்த ரோடு பூரா ஐயப்ப சாமிங்க வண்டி, ஓரத்துல நடந்து போறவங்க வேற, அந்த நெனப்புலயே எனக்கு ஸ்டியரிங் புடிக்கிற கை வேர்த்துரும்.

பட்டறை கூடலூர்ல இருந்து லோயர் கேம்ப் போற ரோட்டுல இருக்கு, பென்னிகுயிக் மணிமண்டபம் வர்றதுக்கு முன்னாடியே. போர்டு கெடையாது, பழைய லீஃப் பட்டை அடுக்கி வெச்சிருக்குற தகரக் கொட்டகைதான் அடையாளம். பட்டறைக்கார அண்ணன் ஒடனே ஜாக்கி போடல. ஒவ்வொரு மூலையா போய் அமுக்கி விட்டுப் பாத்தாரு, ஒரு தடவ எழும்பி நின்னுரணும், என் வண்டி பின்னாடி மூணு ஆட்டம் ஆடிட்டுதான் நின்னுச்சு. அப்புறம் என் கையப் புடிச்சு டயர் மேல வெச்சு "தடவிப் பாரு தம்பி"ன்னாரு, மேடும் பள்ளமுமா அலை அலையா தேஞ்சிருக்கு. சக்கரம் ரோட்ட ஒட்டி உருளாம குதிச்சுக் குதிச்சுப் போனா இப்படித்தான் தேயுமாம். அப்பதான் சொன்னாரு, பாரத்தத் தாங்குறது பட்டை, ஆட்டத்த நிறுத்துறது ஷாக்கு, ரெண்டும் வேற வேற வேல, பட்டைய ஏத்துனா ஆட்டம் நிக்காதுன்னு. ஏத்துன பட்டையக் கழட்டச் சொல்லிட்டேன்.

கழட்டுன பழைய ஷாக்க எங்கிட்டயே குடுத்தாரு. அமுக்குனா சைக்கிள் பம்பு மாதிரி பிடிமானமே இல்லாம உள்ள போகுது, உள்ள சளக் சளக்னு சத்தம். புதுச அமுக்கும்போது ரெண்டு கையும் போட்டு மொத்த ஒடம்பையும் சாய்க்க வேண்டியிருந்துச்சு, மெதுவாதான் எறங்குது. உள்ள இருக்குற ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியா போய் வர்ற அந்தத் திணறல்தான் குதிக்கிற வேகத்த சூடா மாத்திக் கரைக்குது. மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நேரா நிக்க வெச்சு அஞ்சாறு தடவ அமுக்கி இழுத்து உள்ள நின்ன காத்த எடுத்தாரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். போல்ட்ட மாட்டி விட்டு முழுசா முறுக்கல, வண்டிய ஜாக்கில இருந்து தரைக்கு எறக்கி, எடை உக்காந்த பெறகுதான் அடியில படுத்துகிட்டு டைட் வெச்சாரு. தொங்கிட்டு இருக்கும்போதே முறுக்குனா வண்டி எறங்கும்போது போல்ட்டச் சுத்தி இருக்குற புஷ் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுரும். முன்னாடி மாத்துன ஷாக்கோட புஷ் ஏழு மாசத்துல கிழிஞ்சிருந்தது அதனாலதான் இருக்கும்னு எனக்குத் தோணுது. அந்த ஷாக்கையும் விட்டு வைக்கல, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னு ஓடுன வண்டி, ஜோடியாத்தான் மாத்தணும்னு நாலையும் மாத்திட்டாரு.

நாலுமே கேப்ரியல் கம்பெனி ஷாக்கு, 6,800 ஆச்சு, லேபர் 1,200, பழசையும் கையில குடுத்துட்டாங்க. கொறைன்னா, நேரம். துருப்பிடிச்ச ஒரு போல்ட்டுக்கே ஒரு மணி நேரம் போச்சு, காலைல எட்டரைக்கு விட்ட வண்டி மத்தியானம் மூணுக்குத்தான் கெடச்சுது, ஒக்கார நெழல் கெடையாது, பில்லும் துண்டுச் சீட்டுலதான் எழுதித் தர்றாங்க, அத ஒரு புக்குல போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்.

மாத்துனதுக்கு அப்புறம் மூணு நடை போய்ட்டேன். வண்டிப்பெரியார் தாண்டி ரோடு கெட்ட எடத்துல கூட ஒரு குலுங்கலோட நின்னுருது. போன செவ்வாய்க்கெழம கோட்டயத்துல ட்ரே அடியில நானே கையவிட்டுத் துழாவுனேன், நாலஞ்சு பழந்தான் இருந்துச்சு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் போல்ட் டைட் பாக்க வரச் சொல்லிருக்காரு, அதுக்குக் காசு கெடையாதாம். போறவங்க காலைல எட்டு மணிக்கே போயிருங்க, சனிக்கெழம மட்டும் வேண்டாம், ஏலக்காத் தோட்டத்து ஜீப்பெல்லாம் வரிசையா நிக்கும்.