அடுப்பு பத்த வைக்காத சாலட்: ஃபெட்டாவா, மொஸரெல்லாவா, இல்ல நம்ம பனீரா?

கத்திரி வெயில் வந்துட்டா எங்க வீட்டு கிச்சன்ல ராத்திரி ஏழு மணிக்குக் கூட நிக்க முடியாது, மேற்கு பாத்த சுவரு, பகலெல்லாம் குடிச்ச சூட்டை அப்பத்தான் கக்க ஆரம்பிக்கும். அதனால மே மாசம் முழுக்க ராத்திரி சாப்பாடு சாலட்தான்னு போன வருஷம் முடிவு பண்ணேன். வெறும் காய்கறியா வச்சா ஒன்பது மணிக்கு எல்லாரும் பிஸ்கட் டப்பாவைத் தேடுவாங்க, அதனால சீஸ் கண்டிப்பா இருக்கணும். மாமியார் கேட்டாங்க, "வெள்ளரிக்கா தயிர் பச்சடின்னு ஒண்ணு இருக்கே, அதுல இல்லாதது இதுல என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். பச்சைக் காயும் பாலும் சேர்ந்த ஒரு ஐட்டம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு. ஆனா பச்சடி சோத்துக்குத் தொட்டுக்க, அதுவே சாப்பாடு ஆகாது. எனக்கு வேண்டியது அதுவே சாப்பாடா நிக்கிற ஒண்ணு.

அப்படித் தேடினதுல மூணு சாலட் தேறுச்சு: கிரேக்கக்காரங்களோட ஹொரியாத்திகி, இத்தாலியோட காப்ரேசே, பல்கேரியாவோட ஷோப்ஸ்கா. மூணுலயும் தக்காளி இருக்கு, சீஸ் இருக்கு, அடுப்பு இல்ல. ஆனா ஒவ்வொண்ணையும் நம்ம ஊரு சாமான் வச்சு பண்ணும்போது ஒவ்வொண்ணு ஒவ்வொரு எடத்துல காலை வாருது.

முதல்ல கிரேக்கம். ஹொரியாத்திகின்னா கிராமத்து சாலட்னு அர்த்தம். நம்ம ஊரு ஹோட்டல்ல கிரீக் சாலட்னு கேட்டா லெட்டூஸ் இலையை மலையா குவிச்சு மேல நாலு சீஸ் துண்டு போட்டுத் தருவாங்க, ஒரிஜினல்ல லெட்டூஸே கிடையாது. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், கறுப்பு ஆலிவ், எல்லாமே பெரிய பெரிய துண்டு, மேல ஃபெட்டாவை உதிர்க்காம ஒரு பலகை மாதிரி அப்படியே வச்சு, காஞ்ச ஓரிகானோ தூவி, ஆலிவ் எண்ணெய் ஊத்திக் குடுப்பாங்க. சாப்பிடுறவங்கதான் உடைச்சு கலந்துக்கணும். கடைசியில கிண்ணத்துக்கு அடியில தக்காளித் தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து நிக்கும்ல, அதுல ரொட்டியை முக்கித் தொடச்சு சாப்பிடுறதுதான் அங்க பாதி சந்தோஷம்.

இதுல ஃபெட்டாதான் எல்லாம். அதோட அசல் கணக்கு என்னன்னா, குறைஞ்சது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால் வேணா இருக்கலாம், மாட்டுப் பால் கூடவே கூடாது, குறைஞ்சது ரெண்டு மாசம் உப்புத் தண்ணியில ஊறி முதிரணும். 2002ல ஐரோப்பிய யூனியன் இந்தப் பேரையே கிரீஸுக்குன்னு எழுதிக் குடுத்துடுச்சு, ஜெர்மனியும் டென்மார்க்கும் கோர்ட்டுக்குப் போயி 2005ல தோத்தாங்க. நான் இங்க வாங்கின பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா பசும்பால்னு போட்டிருந்துச்சு. உப்பு இருந்துச்சு, அந்த ஆட்டுப்பால் கார வாசனை இல்ல. அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு, ஏன்னா இந்த சாலட்டுக்கு சீஸ்ல இருக்கிற உப்பும் புளிப்பும்தான் டிரெஸ்ஸிங்கே, வேற எதையும் கலக்கி உயிரை விட வேணாம். பிரச்சனை விலைதான். பனீர் விலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல, ஆலிவ் தனி, எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் தனி (பொமேஸ்னு போட்ட பாட்டிலை வாங்கிடாதீங்க, பச்சையா ஊத்தி சாப்பிட அது ஆகாது). வாரத்துக்கு ஒரு தடவைன்னா சரி, தினமும்னா மாசக் கடைசியில மளிகைக் கணக்கு பல்லைக் காட்டும்.

ஓரிகானோ விஷயத்துல ஒரு குறிப்பு. பிரிட்ஜ் கதவுல நாம எல்லாருமே சேத்து வச்சிருக்கிற பீட்சா பாக்கெட் இருக்கே, அதுல பல நேரம் உப்பு, பூண்டுப் பொடி எல்லாம் கலந்திருக்கும், ஃபெட்டாவோட சேந்தா உப்புக் கரிக்கும். அதுக்கு பதிலா தொட்டியில இருக்கிற ஓமவல்லி, அதாங்க கற்பூரவல்லி, அதுல ஒரே ஒரு இலையைப் பொடியா நறுக்கிப் போடுங்க. ஓரிகானோவுக்கு அந்த வாசனையைக் குடுக்கிற அதே பொருள் இதுலயும் இருக்கு. ஒண்ணுக்கு மேல போட்டா சளிக் கஷாயம் ஆயிடும்.

அடுத்து காப்ரேசே. காப்ரி தீவோட பேரு. தக்காளி வில்லை, மொஸரெல்லா வில்லை, பேசில் இலை, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். போட்டோவுல மூணுல இதுதான் அழகு, வாயில மூணுல இதுதான் நமக்கு ஏமாத்தம். மறைச்சு வைக்க வெங்காயம் இல்ல, புளிப்பு இல்ல, தக்காளி சுமாருன்னா சாலட்டும் சுமார். நம்ம நாட்டுத் தக்காளி ரசத்துக்குப் பொறந்தது, வில்லை போட்டா கத்தியிலயே பாதி வழிஞ்சிடும், பெங்களூர் தக்காளி வில்லையா அழகா நிக்கும், ஆனா ருசின்னு ஒண்ணும் பெருசா இருக்காது. பத்தாததுக்கு பிரிட்ஜ்ல வேற வைக்கிறோம், 12 டிகிரிக்குக் கீழ போனாலே தக்காளி வாசனை செத்துப் போக ஆரம்பிக்கும். வெளிய வச்சா இந்த வெயில்ல ரெண்டே நாள்ல அழுகுது, என்னத்தைப் பண்றது.

சீஸ்ல நான் வாங்கின அடி தனிக் கதை. மொஸரெல்லான்னு எழுதியிருந்துச்சுன்னு ஒரு கடையில கட்டியா வாங்கிட்டு வந்து வில்லை போட்டா, அழிரப்பர் மென்னு துப்புற மாதிரி இருந்துச்சு. அது பீட்சாவுக்குன்னு ஈரத்தைக் குறைச்சுப் பண்றது, சூட்டுல உருகினாத்தான் அதுக்கு மரியாதை. சாலட்டுக்கு வேண்டியது தண்ணியில மிதக்கிற உருண்டை. அசல் சரக்கு இத்தாலியில கம்பானியா பக்கம் எருமைப் பால்ல பண்றது, நம்ம ஊருல டீக்கடைக்கும் தயிருக்கும் போற அதே எருமைப் பால்தான். கடையில கிடைக்கிற உருண்டை ஓகே, ஆனா உப்பே இருக்காது, ரெண்டு நாளுக்கு மேல வைக்கவும் முடியாது.

காப்ரேசேல எனக்கு லாபம்னு பாத்தா பேசில் ஒண்ணுதான். சர்பத்துல போடுற சப்ஜா விதை இருக்குல்ல, அதைத் தொட்டியில தூவிப் பாருங்க, வர்றது திருநீற்றுப் பச்சிலை, அதுவும் பேசிலும் ஒரே செடி வகை. இத்தாலி பேசில் வாசனை அச்சு அசலா வராது, ஆனா சொந்தக்காரங்கன்னு தெரியும். துளசியைப் போட்டுடாதீங்க, கோயில் தீர்த்தம் மாதிரி ஆயிடும்.

இப்ப ஷோப்ஸ்கா. நம்ம ஊருல இதைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல, ஆனா எங்க வீட்டுல ஜெயிச்சது இதுதான். ஏதோ பாட்டி காலத்து ரெசிப்பின்னு நெனச்சேன், பாத்தா 1950கள்ல பல்கேரியாவோட அரசாங்க டூரிஸ்ட் நிறுவனம் பால்கன்டூரிஸ்ட், கருங்கடல் ஓரமா வார்னா பக்கம் வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்காக உருவாக்கின ஐட்டமாம், சோஃபியாவைச் சுத்தி இருக்கிற ஷோப் மக்களோட பேரை மட்டும் ஒட்ட வச்சிருக்காங்க. வெள்ளை, பச்சை, சிவப்பு, அவங்க கொடி நெறம். காப்ரேசேயும் அதே மூணு நெறம்தான், இத்தாலிக்காரங்களும் கொடியைத்தான் காட்டுவாங்க, தக்காளிக்கு எத்தனை தேசபக்தி பாருங்க.

பண்றது ரொம்ப சிம்பிள். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் சின்னச் சின்னதா நறுக்கி, சன்ஃபிளவர் எண்ணெயும் வினிகரும் ஊத்தி, மேல சிரெனேங்கிற வெள்ளை உப்புச் சீஸை பனி கொட்டின மாதிரி துருவணும். குடைமிளகாயை அங்க சுட்டுப் போடுறவங்களும் உண்டு, நமக்குத்தான் அடுப்பு இல்லையே, பச்சையாவே போடலாம். ஆலிவ் எண்ணெய் செலவு இல்ல, வீட்டுல இருக்கிற சன்ஃபிளவரே அதுக்கு முறையான எண்ணெய். (செக்கு நல்லெண்ணெய் ஊத்திப் பாத்தேன், இட்லிப் பொடி ஞாபகம் வந்து யாருக்கும் சாலட் எறங்கல.) தக்காளி வழிஞ்சாலும் பரவால்ல, எல்லாமே பொடிசா இருக்கிறதால அந்தத் தண்ணியே சாஸ் ஆயிடுது. சீஸைத் துருவிப் போடுறதால கொஞ்சம் சீஸ்லயே எல்லா வாய்க்கும் உப்பு வந்துடும். அதனாலதான் இங்க பனீர் செல்லும், மத்த ரெண்டுலயும் செல்லாது.

ஆனா பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே துருவினா வேலைக்கு ஆகாது. சூடான பால்ல புளிப்பு ஊத்தி அப்பவே திரிச்சு எடுக்கிறது பனீர், அதுக்கு உப்பும் கிடையாது, நாள்பட்டு வர்ற புளிப்பும் கிடையாது. அதனால முந்தின ராத்திரியே அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ரெண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு கரைச்சு, ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, 200 கிராம் பனீரை விரல் தடிமனுக்கு வெட்டி முக்கி பிரிட்ஜ்ல வச்சுடுங்க. முழுக் கட்டியா போட்டா வெளிய மட்டும் கரிக்கும், உள்ள சப்புன்னு இருக்கும். மறுநாள் ஈரத்தைத் துடைச்சுட்டுத் துருவுங்க. ஃபெட்டான்னு யாரையும் ஏமாத்த முடியாது, ஆனா தக்காளியோட வாயில போகும்போது யாரும் குறை சொல்லல.

மூணு பேருக்கு நாலு தக்காளி, ரெண்டு வெள்ளரி, ஒரு குடைமிளகாய், சின்ன சைஸ்ல ஒரு பெரிய வெங்காயம், இல்லன்னா ஒரு கைப்பிடி சாம்பார் வெங்காயம். வெங்காயத்தை ஐஸ் தண்ணியில பத்து நிமிஷம் போட்டா காரம் எறங்கும். வெள்ளரி முனையை வெட்டித் தேய்ச்சு நுரை எடுக்கிறதை விட, ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்துக்கிறது நல்லது, ஒரு கசப்புக் காய் மொத்தக் கிண்ணத்தையும் கெடுத்துடும். பார்ஸ்லிக்கு பதிலா கொத்தமல்லி, வினிகருக்கு பதிலா அரை எலுமிச்சை. காய்க்கு உப்பு போடவே போடாதீங்க, பனீர் பாத்துக்கும். துருவினதும் உடனே சாப்பிடணும், இந்த வெயில்ல பனீரை ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கிறது வயித்துக்கு வம்பு.

ஃபெட்டாவை நான் விடல, விருந்தாளி வந்தா அதுதான், பலகையா வைக்கிற அந்த கெத்து பனீருக்கு வராது. காப்ரேசே மட்டும் இனிமே வெளிநாட்டுல இருந்து வர்ற நாத்தனார் வீட்டுல பண்ணிக் குடுத்தா சாப்பிட்டுக்கலாம்னு விட்டுட்டேன். ஷோப்ஸ்கா வாரத்துக்கு நாலு நாள் ஓடுது. கிரேக்கக்காரங்க ரொட்டி முக்குற மாதிரி எங்க வீட்டுலயும் அடித் தண்ணிக்குப் போட்டி இருக்கு, மாமியார் அதை அப்படியே தயிர்சாதத்துல ஊத்திப் பிசைஞ்சுக்கிறாங்க. பச்சடி போதாதான்னு கேட்டவங்க இப்ப கிண்ணத்தை சிங்க்ல போட விடுறதில்ல.