படகு இழுக்கும் பிக்கப்: நான்கு வருட அனுபவம்

இந்த டீசல் பிக்கப்பை வாங்கும்போது நான் பார்த்தது ஒரே ஒரு எண்ணைத்தான்: 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தது. என் படகு என்ஜினோடு சேர்த்து 1,300 கிலோ. தாராளம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த 1,300 வெறும் படகின் எடை. டிரெய்லர், 150 லிட்டர் பெட்ரோல் (அதுவே 110 கிலோ), பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் எடைமேடையில் ஏற்றினால் 1,950 கிலோ. சரி, அதையும் வண்டி இழுக்கும். ஆனால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு, ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) வழியாக வண்டியின் பின்பக்கத்தில் வந்து உட்காருகிறது. அந்த 195 கிலோ வண்டி சுமக்கும் எடையில் சேரும். ஐந்து பேர் ஏறினால் 375, பின்கூண்டும் சாமான்களும் 130. கதவோரம் ஒட்டியிருந்த தாளில் அனுமதித்த சுமை 700 கிலோ. கணக்கு அங்கேயே முடிந்தது. இழுக்கும் திறன் இன்னும் 1,500 கிலோவுக்கு மேல் மிச்சம்! பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு மேலே தூக்கியதால், எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள்.

பாரத்தைக் குறைக்கிறேன் என்று சாமான்களைப் படகின் பின்முனைக்கு மாற்றியது அதைவிட முட்டாள்தனம். ஹிட்ச் மேல் பாரம் குறைந்ததும், 80 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டேன். அடங்கியது. எனக்கு நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது.

வண்டியில் குறை சொல்ல முடியாத இடம், படகு இறக்கும் சரிவு. பாசி படிந்த ஈரத் தரையில் பின்சக்கரம் மட்டும் சுழலும் வண்டிகள் வழுக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு சக்கரமும் லோ கியரும் போட்டால் இது நிதானமாக ஏறிவிடும். இறக்கமான சாலையிலும் கீழ் கியரில் என்ஜின்தான் பிடித்துக்கொள்கிறது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இருப்பதால் வண்டியின் பிரேக் இன்னும் சூடேறவில்லை.

மைலேஜ்? தனியாக லிட்டருக்கு 11, படகோடு 6.5. அவ்வளவுதான்.

அடுத்த வண்டிக்குக் கடைக்குப் போனால் முதலில் கதவைத் திறந்து அந்தத் தாளைத்தான் படிப்பேன். அதுவரை இரண்டு பேர் வேறு காரில் வருகிறார்கள்.