கூரைக்குள் ஒளியும் விளக்கா, கண்ணுக்குத் தெரியும் விளக்கா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிக் கூடத்துக்கு டிசைனர் இரண்டு வரைபடங்கள் கொடுத்தார். முதலாவதில் கூரை முழுக்க ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். அதன் ஓரத்துப் பள்ளத்தில் எல்இடி ஸ்ட்ரிப் ஒளிந்திருந்து கூரையைக் கழுவியதுபோல் வெளிச்சம் தரும். நடுவில் ஆங்காங்கே பதித்த சிறு வட்ட விளக்குகள். கோவ் லைட் என்று இப்போது ஊரில் எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டாவதில் கூரை வெறுமையாக இருந்தது. சுவரில் நான்கு பித்தளை விளக்குகள், சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு தொங்கும் விளக்கு, மூலையில் ஒரு நிலை விளக்கு, அவ்வளவுதான். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். காட்பாடியில் அதே சமயத்தில் வீடு கட்டிய என் மைத்துனர் முதலாவதை எடுத்தார். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு, உட்கார்ந்து, ஏணி பிடித்த அனுபவத்தில் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிரகப்பிரவேசத்தன்று மாலை மைத்துனர் வீட்டுக் கூடம்தான் அழகு. பல்பு எதுவும் கண்ணில் படவில்லை, கண் கூசவில்லை, வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டுச் சுவர் விளக்குகளை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மின்கட்டணத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது, இரண்டுமே எல்இடி. ஆரம்பச் செலவில் ஃபால்ஸ் சீலிங்கே கூடுதல். பலகை, இரும்புச் சட்டம், பட்டி, பெயின்ட் எல்லாம் சதுர அடிக் கணக்கில் ஏறும். பத்தடி உயரக் கூடத்தில் அரை அடிக்கு மேல் காணாமல் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. விளக்கு ஒருநாள் எரியாமல் போகும்போது என்ன செய்வது என்ற கேள்வி. வரைபடத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை.

ஸ்ட்ரிப் லைட் நேராக 230 வோல்ட்டில் எரிவதில்லை. பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட். அதற்கு மின்சாரத்தை இறக்கித் தர டிரைவர் என்ற சிறு பெட்டி வேண்டும். அட்டைப் பெட்டியில் ‘50,000 மணி நேரம்’ என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டால் இருபத்தேழு வருடம் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு பொதுவாக எல்இடி சில்லுக்கானது. அதன் வெளிச்சம் எழுபது சதவீதத்துக்கு இறங்க ஆகும் காலம் அது. டிரைவர் அதற்கு வெகு முன்பே போகும். டிரைவருக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர் என்ற பாகத்துக்கு வெப்பம் ஆகாது. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

இப்போது அந்தப் பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். மேல்தளத்து கான்கிரீட்டுக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவில், காற்று நுழையாத சந்தில். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. பகல் முழுவதும் சுட்ட தளம் இரவு வெகுநேரம் வரை அந்த வெப்பத்தைக் கீழே விடுகிறது. சரியாக விளக்கு போடும் நேரத்தில் டிரைவர் அந்தச் சூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் கடற்காற்றும் குளிரூட்டியும் உள்ள அடுக்ககத்தில், நடுத்தளத்தில், இதே அமைப்பு நன்றாக ஓடலாம். வேலூரில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறைக்கு அதே வரைபடத்தைக் கொண்டுவருவதுதான் சிக்கல்.

மைத்துனர் வீட்டில் இரண்டாம் கோடையிலேயே கூடத்தின் ஒரு பக்கம் மினுக்கத் தொடங்கியது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “டிரைவரை மாற்றினால் சரியாகிவிடும் சார். ஆனால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே?” என்றார். வேலை செய்தவர்கள் திறந்து பார்க்கும் மூடி எதுவும் விடவில்லை. பலகையை அறுத்தார்கள். டிரைவர் விலை பெரிதில்லை. அறுத்த இடத்தை மூடி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்ததுதான் பெரிது. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும் என்று கூரை முழுவதும் அடிக்க வேண்டியதாயிற்று.

ஸ்ட்ரிப்பே பழுதானால் கதை வேறு. அது ஐந்து மீட்டர் சுருளாக வரும். அதில் ஒரு துண்டு மங்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்ற முடியும். ஆனால் இரண்டு வருடம் கழித்து வாங்கும் புதுத் துண்டின் மஞ்சளும் பழைய சுருளின் மஞ்சளும் ஒத்துப்போவதில்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண் இரண்டு பெட்டியிலும் 3000 கெல்வின் என்றுதான் இருக்கும். கண் உடனே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். கடைசியில் ஒரு சுவருக்கு முழுச் சுருளையும் மாற்றுவார்கள். போதாததற்கு, 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரே முனையில் மின்சாரம் கொடுத்து நீளமாக இழுத்தால் மறுமுனை மங்கலாகவே எரியும். கம்பியிலேயே வோல்ட் இறங்கிவிடுகிறது. அதைப் பழுது என்று நினைத்து ஆள் கூப்பிட்டவர்கள் உண்டு.

எங்கள் பக்கத்துக் கதை சுருக்கம். பல்பு போனால் ஏணி போட்டுப் பல்பை மாற்றுகிறோம். சுவர் விளக்குகள் எல்லாம் இ27 என்னும் திருகு ஹோல்டர். நம் வீடுகளில் பழக்கமான பின் ஹோல்டர் பி22. அலங்கார விளக்குகளில் பெரும்பாலும் திருகுதான் வரும். இரண்டுக்குமே பல்பு தெருமுனைக் கடையில் கிடைக்கும். மெழுகுவத்தி வடிவச் சிறு பல்புகளுக்கான இ14 மட்டும் எல்லாக் கடையிலும் இருக்காது. அதனால் அந்த வகை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். எல்இடி பல்புக்குள்ளும் ஒரு குட்டி டிரைவர் இருக்கிறது, அதுவும் சூட்டில் போகத்தான் செய்யும். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஆனால் போனது பல்போடு முடிந்துவிடுகிறது. பலகையை யாரும் அறுப்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொங்கும் விளக்கு எல்லாமே என் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது கடைகளில் கண்ணைப் பறிப்பவை வளையம் வளையமாகத் தொங்கும் எல்இடி விளக்குகள். அவற்றில் பல்பே கிடையாது. ஒளி உடம்போடு ஒட்டியிருக்கிறது. அது அணைந்தால் முழு விளக்கையும் கழற்றிப் பரணில் போட வேண்டியதுதான். வேண்டுமானால் அதே அளவு டிரைவர் தேடி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வரலாம். ஆகவே கோவ் லைட்டா, தொங்கும் விளக்கா என்பதைவிட, ஹோல்டர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பிவிட்டார்; பட்டியலில் காலியான அந்த இடத்துக்கு ஹோல்டர் இல்லாத விளக்கைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

எங்கள் தேர்விலும் தொல்லைகள் உண்டு. மேல்நோக்கித் திறந்த கண்ணாடிக் கிண்ண விளக்குகளில் மழைக்கால ஈசல் குவியும். மறுநாள் அதைக் கழற்றிக் கொட்டுவது யார் என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடு வரவில்லை. பித்தளைக்கு அவ்வப்போது துடைப்பு வேண்டும். சாப்பாட்டு மேசை விளக்கு மேசைப் பரப்பிலிருந்து இரண்டரை முதல் மூன்று அடி உயரத்தில் தொங்கினால்தான் சரியாக இருக்கும். மேசையை நகர்த்திவிட்டால் எழுந்து நடப்பவர் நெற்றியில் இடிக்கும். கோவ் லைட்டின் பள்ளத்திலும் தூசியும் பல்லியும் சேர்கின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு. அதோடு மின்விசிறி இறக்கைக்கு நேர் மேலே பதித்த விளக்கு வந்தால், இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அறை முழுவதும் நிழல் ஆடும். மின்விசிறி இல்லாமல் நாம் வாழப் போவதில்லை. வரைபடத்தில் விசிறியையும் வரையச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தில் டிசைனருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் சண்டை நிச்சயம். அவர் 3000 கெல்வின் மஞ்சள் என்பார். இவர்கள் 6500 கெல்வின் வெள்ளைக்குப் பழகியவர்கள், மஞ்சளைப் பார்த்தால் ‘மங்கலாக இருக்கிறதே’ என்பார்கள். கூடத்துக்கு 3000, சமையலறைக்கு 4000 என்று எங்கள் வீட்டில் சமாதானம் ஆயிற்று. இந்தச் சண்டையில் சிஆர்ஐ என்ற எண்ணை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. சாதாரண பல்புகளில் 80 அளவில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் ஆரணிப் பட்டின் அரக்குச் சிவப்பு பழுப்படித்துத் தெரியும். அலமாரி, கண்ணாடி இருக்கும் இடத்துக்கு மட்டுமாவது 90-க்கு மேல் உள்ள பல்பு போடுங்கள். ஹோல்டர் இருந்தால் இதைக்கூடக் குடிபோன பிறகு சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

டிசைனரோடு வேலை செய்வதிலும் இரண்டு வழி இருக்கிறது. வரைபடம், பொருள், ஆள் எல்லாம் அவர்களே என்ற முழு ஒப்பந்தம் ஒன்று. வரைபடத்துக்கு மட்டும் கட்டணம் கொடுத்துவிட்டு, விளக்கை நாமே வாங்கி நம் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுவது இன்னொன்று. மைத்துனர் முதல் வழி, நாங்கள் இரண்டாம் வழி. முழு ஒப்பந்தத்தில் அலைச்சல் கிடையாது. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு அதை விட்டால் வழியும் இல்லை. ஆனால் ‘டிசைன் இலவசம்’ என்றால் அந்தப் பணம் பொருளின் விலைக்குள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. விலைப்பட்டியலில் ‘கோவ் லைட், இத்தனை அடி’ என்று மட்டும் இருந்தால் எந்த ஸ்ட்ரிப், எந்த டிரைவர் என்று பின்னால் கேட்க முடியாது. வரைபடத்துக்கு மட்டும் பணம் வாங்குபவருக்கு விலை கூடிய விளக்கைத் தலையில் கட்டும் அவசியம் குறைவு.

அதற்காக டிசைனரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சுவரில் எத்தனை அடி உயரத்தில் விளக்கு வர வேண்டும், படுக்கையிலிருந்து எட்டும் ஸ்விட்ச் எது, படிக்கட்டுக்கு மேலும் கீழும் ஸ்விட்ச் வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தோன்றியிருக்காது. கூடத்தில் ஒரே ஸ்விட்ச்சில் எல்லாம் எரியாமல் மூன்றாகப் பிரித்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் கட்டணம் வீண் இல்லை. ஆனால் அவரைத் தளம் போடுவதற்கு முன்பே கூப்பிட வேண்டும். தொங்கும் விளக்குக்கான கொக்கியும் பெட்டியும் கான்கிரீட் கொட்டும் முன்பு வைக்க வேண்டியவை. சுவர் விளக்குக்கான பைப் பூச்சுக்கு முன்பு பதிக்க வேண்டியது. அதெல்லாம் விட்டுப்போன வீட்டில் கம்பிகளை மறைக்க ஃபால்ஸ் சீலிங்தான் எளிய வழி. பலர் அந்தக் கட்டாயத்தில்தான் அதற்குள் போகிறார்கள்.

கைபேசியில் இயக்கும் விளக்குகள், பெரிய படிகச் சரவிளக்குகள் இவற்றை நான் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை. அவற்றுக்கு என் தீர்ப்பு செல்லாது. எங்கள் சுவர் விளக்குகளுக்கும் இன்னும் பெரிய வயதாகவில்லை. பத்து வருடம் கழித்து ஹோல்டர்கள் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. கழற்றி எடுத்துப் போகக்கூடிய நிலை விளக்கு வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு கோவ் லைட்தான் வேண்டும் என்றால் கீழ்த்தளத்து அறையில் போடுங்கள். மேலே இன்னொரு மாடி இருந்தால் சூடு குறையும். 24 வோல்ட் ஸ்ட்ரிப் கேளுங்கள். அதே வெளிச்சத்துக்குப் பாதி மின்னோட்டம்தான் என்பதால் கடைசி வரை சீராக எரியும். ஸ்ட்ரிப்பை வெறும் பலகையில் ஒட்டாமல் அலுமினியப் பட்டைக்குள் வைத்தால் சூடு வெளியேறும். டிரைவர் உடம்பில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டிரைவரைக் கூரைக்குள் அடைக்காமல் அலமாரியின் மேல்தட்டுக்கோ, கைவிட்டு எடுக்கும்படி மூடி வைத்த இடத்துக்கோ இழுத்து வரச் சொல்லுங்கள். வாங்கும்போதே அதே பெட்டியிலிருந்து ஒரு சுருள் கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள். கூரையை மூடுவதற்கு முன்பு கைபேசியில் நாலு படம் எடுத்து வைத்தால் அறுக்க வேண்டிய இடமாவது தெரியும். மைத்துனர் தன் படுக்கையறைக்கு இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார்.