ஆலிவ் எண்ணெய்: மூன்று போத்தல்கள், மூன்று வகை மாசு

சிங்கப்பூரில் தேக்கா கடைகளிலும் பேரங்காடிகளிலும் ஆலிவ் எண்ணெய் மூன்று பெயர்களில் கிடைக்கும்: எக்ஸ்ட்ரா வெர்ஜின், ‘ப்யூர்’ அல்லது ‘லைட்’, பொமேஸ். பொதுவாக விலையும் இதே வரிசையில் இறங்கும். காய் ஒன்றுதான் என்றாலும், எண்ணெய் எடுக்கும் முறையைப் பொறுத்து உள்ளே சேரும் மாசு மாறுகிறது.

பொமேஸை முதலில் பார்ப்போம். ‘பொரிக்க ஏற்றது’ என்று நம் வீடுகளுக்கு வருவது அதுதான். ஆலிவைப் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை உலர்த்தி, ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு எடுப்பது இது. ஈரப் பிண்ணாக்கை எரிபுகை கலந்த சூடான காற்றில் உலர்த்தினால் பென்சோபைரீன் எண்ணெயில் சேர்ந்துவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. இந்தக் காரணத்துக்காகவே 2001 ஜூலையில் ஸ்பெயின் பொமேஸ் எண்ணெயைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் மட்டுமே. செயலூட்டிய கரி மூலம் வடிகட்டினால் அந்த அளவுக்குக் கீழே கொண்டுவர முடியும். ஆக, பழைய சிக்கல் பெருமளவு அடங்கிவிட்டது. சுத்திகரிப்பு கொண்டுவந்த புதிய சிக்கல் அடங்கவில்லை.

சுத்திகரிப்பின்போது வாடை நீக்க எண்ணெயை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது 3-எம்சிபிடி எஸ்டர்கள், கிளைசிடைல் எஸ்டர்கள் என்ற இரண்டு வேதிமாசுகள் உருவாகின்றன. முன்னது விலங்குச் சோதனைகளில் சிறுநீரகத்தையும் ஆண் இனப்பெருக்க உறுப்புகளையும் பாதித்தது. பின்னதிலிருந்து உடலில் பிரியும் கிளைசிடால் மரபணுவையே தாக்கக்கூடியது; அதனால் அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் வைக்கப்படவில்லை. 3-எம்சிபிடிக்கான ஐரோப்பிய உச்சவரம்பு ‘ப்யூர்’ வகைக்குக் கிலோவுக்கு 1,250 மைக்ரோகிராம், பொமேஸுக்கு 2,500. செம்பனை எண்ணெய்க்கும் (பாமாயில்) அதே 2,500தான். செம்பனையை விட்டுப் பொமேஸுக்கு மாறினால் இந்த மாசிலிருந்து தப்பித்தோம் என்று சொல்ல முடியாது.

3-எம்சிபிடியை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் திருத்திய கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 120 மைக்ரோகிராம். 15 கிலோ குழந்தைக்கு வெறும் 30. உச்சவரம்பைத் தொடும் பொமேஸில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம், 35 மைக்ரோகிராம் தந்துவிடும். எல்லாப் போத்தலும் உச்சவரம்பைத் தொடுவதில்லை. ஆனாலும் குழந்தைக்கு அன்றாடம் பொரித்துக் கொடுக்கும் வீடு கவனிக்க வேண்டிய கணக்கு இது.

‘லைட்’ இடைப்பட்டது. சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம், சுத்திகரிக்காத வெர்ஜின் கலந்தது. ‘லைட்’ என்பது சுவையையும் மணத்தையும் குறிக்கிறது. கலோரியில் குறைவே இல்லை.

எக்ஸ்ட்ரா வெர்ஜினில் சுத்திகரிப்பே கிடையாது என்பதால் மேற்சொன்ன எஸ்டர்கள் பெரும்பாலும் இருக்காது. அதே காரணத்தால் தோப்பிலும் ஆலையிலும் ஒட்டியவை அப்படியே தங்கிவிடும்: ஆலிவ் ஈக்கு அடித்த பூச்சிமருந்தின் எச்சம், அறுவடைக் கருவியின் மசகெண்ணெயிலிருந்து வரும் கனிம எண்ணெய். கனிம எண்ணெயில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கார்பன் வளையங்கள் கொண்ட ‘அரோமேட்டிக்’ சேர்மங்கள்தான் கவலைக்குரியவை. பூச்சிமருந்துக் கவலை இருப்பவர் இயற்கை வேளாண்மை முத்திரை உள்ளதை வாங்கலாம். மசகெண்ணெய்க்கு எதிராக அந்த முத்திரை உதவாது.

‘அப்படியானால் செக்குக் கடலை எண்ணெயே போதுமே’ என்பார்கள். அதிலும் சுத்திகரிப்பு மாசு இல்லை. ஆனால் பூஞ்சை பிடித்த கடலை ஆலைக்குப் போயிருந்தால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான அஃப்லாடாக்சின் எண்ணெயில் இறங்கும். காரம் (அல்கலி) சேர்த்துச் செய்யும் சுத்திகரிப்பு அதைப் பெருமளவு நீக்கும், செக்கு நீக்காது. கடலையைத் தரம் பிரித்து ஆட்டுகிறார்களா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

எங்கள் தேர்வு: தாளிப்புக்கும் பொரியலுக்கும் எக்ஸ்ட்ரா வெர்ஜின், மிதமான தீயில். எப்போதாவது அப்பளம் பொரிக்க ‘ப்யூர்’. பொமேஸை வாங்கக் காரணம் தெரியவில்லை. சட்டியில் புகை எழுந்தால் எந்தப் போத்தலும் காப்பாற்றாது: அதிவெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையையே ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிச் சமையலறையில் சன்னலைத் திறந்து, புகைபோக்கியை முன்கூட்டியே ஓட விடுங்கள்.

அறுவடைத் தேதி அச்சிட்ட, கருநிறக் கண்ணாடி அல்லது தகரத்தில் அடைத்த அரை லிட்டர் போதும். இங்குள்ள வெக்கையில் திறந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காமல் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்றாதீர்கள். அதை நெகிழ வைக்கும் தாலேட்டுகள் கொழுப்பில் எளிதாகக் கரையும்.