வேட்பாளர் சொன்னது உண்மையா? நாடாளுமன்ற அறிக்கைத் தளத்தில் தேடிப் பார்த்தேன்

தேர்தல் நேரத்தில் ஒருவர் "இதைக் கொண்டுவந்தது நான், அதைத் தட்டிக் கேட்டது நான்" என்று சொன்னால், அது உண்மையா என்று பார்க்க சிங்கப்பூரில் காசு செலவில்லை. யாரிடமும் அனுமதி வாங்கவும் வேண்டாம். அவையில் பேசியதை அப்படியே பதிவு செய்துவைக்கும் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கைத் தளம் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறது. 2025 பொதுத்தேர்தல் சமயத்தில் இரண்டிலும் உட்கார்ந்து தேடினேன். எது உதவியது, எங்கே தடுக்கியது என்று எழுதுகிறேன். அடுத்த தேர்தலுக்கு யாருக்காவது பயன்படும்.

எங்கள் வீட்டுக் கதவில் செருகப்பட்டிருந்த துண்டுப்பிரசுரத்தில் வேட்பாளரின் சாதனைகள் என்று ஒரு பட்டியல். ஏற்கெனவே உறுப்பினராக இருந்து மீண்டும் போட்டியிட்டவர். பெயரோ கட்சியோ இங்கே தேவையில்லை; நான் எழுத வந்தது தளங்களைப் பற்றி. பட்டியலில் மூன்று வரிகளை எடுத்துக்கொண்டேன். எல்லா மாடியிலும் நிற்கும் மின்தூக்கியைக் கொண்டுவந்தேன். சக்கர நாற்காலியில் செல்வோருக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தேன். மக்களைப் பாதிக்கும் ஒரு சட்டத்தை எதிர்த்தேன்.

முதல் வரியைப் படித்துக் காட்டியதும் என் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லிஃப்டா? அதுக்கு நாங்கதானேம்மா ஓட்டுப் போட்டோம்?" என்றார். எங்கள் வீடு ஏழாவது மாடியில். பழைய மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்று இடத்தில்தான் நிற்கும். மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் ஒன்பதுக்கு ஏறி, பையோடு இரண்டு மாடி இறங்கி வருவாராம். ஏறுவதைவிட இறங்குவது மூட்டுக்குப் பரவாயில்லை என்று அவர் கணக்கு.

மாமா சொன்னது சரிதான். மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது 2001-இல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாடளாவிய திட்டம் அது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், வேலை தொடங்க வேண்டுமானால் வாக்களிக்கத் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். செலவின் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. மிச்சத்தை, பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றமும் குடியிருப்பாளர்களும் பகிர்ந்துகொண்டார்கள். நம் வேட்பாளர் முதன்முதலில் உறுப்பினரானதே 2001-க்குப் பல ஆண்டுகள் கழித்து. எங்கள் வட்டாரத்தைச் சீக்கிரம் வரிசையில் சேர்க்கச் சொல்லி அவர் அலைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் காலத்தில் வந்தது வேறு, அவர் கொண்டுவந்தது வேறு. வாக்களித்து, பங்கு செலுத்தி, கட்டுமானத் தூசியைப் பொறுத்துக்கொண்ட அத்தனை வீட்டாரும் அந்த ஒற்றை வரியில் காணாமல் போயிருந்தார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

இந்தத் தேதிகளைச் சரிபார்க்க நியூஸ்பேப்பர்எஸ்ஜியை நாடினேன். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு என்று நம் ஊர் நாளிதழ்கள் பக்கம் பக்கமாக அங்கே இருக்கின்றன. பழைய காலத்துப் பக்கங்கள் வீட்டிலிருந்தே திறக்கும். பிந்திய ஆண்டுகளின் செய்திகள் பல, நூலகத்துக் கணினியில்தான் முழுதாகத் தெரியும். தேர்தலுக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் இந்தப் பிந்திய ஆண்டுகள்தான். எனவே விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. புகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பதினோராம் மாடியில் சிங்கப்பூர் தொடர்பான நூல்களும் மைக்ரோஃபிலிமும் இருக்கின்றன. தேடவேண்டிய ஆண்டும் பத்திரிகையின் பெயரும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சும்மா ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பொழுது போய்விடும்.

ஒரு குறை சொல்ல வேண்டும். பழைய அச்சைக் கணினி படித்து எழுத்தாக்கியதில் பிழைகள் நிறைய. நம் இந்தியப் பெயர்களோ ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதப்படுபவை. ஒரே பெயரை இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பார்த்தால்தான் வந்து விழுகிறது. தமிழ் முரசைப் பொறுத்தவரை, தேடுவதைவிட தேதியைக் கண்டுபிடித்து அன்றைய இதழைப் புரட்டுவதே எனக்குச் சுலபமாக இருந்தது.

சரி, நாடாளுமன்ற அறிக்கைத் தளத்துக்கு வருகிறேன். என் மனத்தில் இதற்குத்தான் முதலிடம். 1955-ஆம் ஆண்டு சட்டமன்றக் காலம் தொட்டு அவையில் பேசியவை இதில் பதிவாகியிருக்கின்றன. உறுப்பினர் பெயர், தேதி, தலைப்பு என்று எப்படியும் தேடலாம். இரண்டாவது வரியை, அதாவது சக்கர நாற்காலி விஷயத்தை, இங்கே தேடினேன். வாய்மொழிப் பதில்களில் அவர் பெயர் இல்லை. அதோடு விட்டுவிடாமல், அவையில் வாய்விட்டுச் சொல்லாமல் எழுத்தில் மட்டும் கொடுக்கும் எழுத்துமூலப் பதில்களையும் பார்த்தேன். இருந்தது! பேருந்து நிறுத்தத்துக்கும் புளோக்குகளுக்கும் நடுவே சரிவுப் பாதை அமைப்பது பற்றி, கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருந்தார். அமைச்சின் பதிலும் அடியிலேயே இருந்தது. நேரலையில் பார்த்தவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. அந்த வரியை நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டேன். குழும வாட்ஸ்அப்பில் அவரைக் குறை சொன்னவர்களுக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். சரிபார்ப்பது ஒருவரைப் பிடிப்பதற்காக மட்டும் இல்லை.

பெயரைப் போட்டவுடன் வரும் எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். வேறொருவர் தம் பேச்சில் இவர் பெயரைச் சொல்லியிருந்தாலும் அது வந்து நிற்கும். அப்புறம், அமைச்சர்கள் கேள்வி கேட்பவர்கள் இல்லை, பதில் சொல்பவர்கள். அமைச்சரையும், அமைச்சுப் பொறுப்பில் இல்லாத பின்வரிசை உறுப்பினரையும் கேள்வி எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் அது நியாயமாகாது.

மூன்றாவது வரிதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. அந்தச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பில், அதாவது அதன்மீது விவாதம் நடக்கும் கட்டத்தில், அவர் பேசிய பேச்சு கிடைத்தது. நல்ல பேச்சு. தொகுதிவாசிகள் சொன்ன கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார், அமைச்சரிடம் விளக்கம் கேட்கிறார். இதுவரை படித்தால் எதிர்த்தார் என்றே தோன்றும். கடைசிப் பத்திக்குப் போனால், இந்தக் கவலைகள் இருந்தாலும் சட்டமூலத்தை ஆதரிப்பதாகச் சொல்லி உட்கார்கிறார். கவலை தெரிவிப்பது மதிப்புள்ள காரியம்தான். அதை "எதிர்த்தேன்" என்று அச்சடித்துக் கொடுப்பது சரியில்லை. யாருடைய பேச்சானாலும் கடைசி வரிவரை படியுங்கள். துண்டு வீடியோக்களில் வெட்டப்படுவது அந்த வரியாகத்தான் இருக்கும்.

வாக்கு யார் பக்கம் விழுந்தது என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. பெயர்வாரியாக வாக்குகளைப் பதிவு செய்யும் பிரிவினை வாக்கெடுப்பு நடந்தால் எல்லாம் தெளிவு. 2013 பிப்ரவரியில் மக்கள்தொகை வெள்ளை அறிக்கைமீது நடந்ததில் 77 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு, ஒருவர் வாக்களிக்கவில்லை. 2019 மே மாதம் இணையப் பொய்களுக்கு எதிரான பொஃப்மா சட்டமூலத்துக்கு 72 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு. தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள் மூவர் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். யார் யார் என்று பெயரோடு பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான சட்டமூலங்கள் குரல் வாக்கிலேயே நிறைவேறுகின்றன. அப்போது தீர்மானம் ஏற்கப்பட்டது என்ற ஒரு வரிதான் மிஞ்சும். யாராவது தம் மறுப்பைப் பதிவு செய்யும்படி கேட்டிருந்தால் அது இருக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. இது தளத்தின் குற்றம் அல்ல, நடைமுறை அப்படி. வாக்காளருக்கு இது பெரிய இடைவெளி என்பது என் கருத்து.

வருகைப் பதிவு பலருக்குத் தெரியாத நல்ல விஷயம். ஒவ்வோர் அமர்வின் அறிக்கையும் வந்தவர்கள், வராதவர்கள் என்ற பெயர்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. அனுமதி பெற்று வராமல் இருந்தவர்களின் தேதிகளும் அங்கேயே இருக்கும். வந்தவர் பத்து நிமிடம் இருந்தாரா, நாள் முழுக்க இருந்தாரா என்பது அதில் தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அவையில் தமிழில் பேசியவற்றுக்கு ஆங்கில அறிக்கையில் மொழிபெயர்ப்பு இருக்கும், மூலத் தமிழ் உரை தனிக்கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து படியுங்கள். அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டவும் வசதி.

நகர மன்றத்தைத் தாம் நன்றாக நடத்தியதாக ஒருவர் சொன்னால், தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கையைப் பாருங்கள். துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாக முறை என்று தனித்தனியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டிருப்பார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அதிபர் தேர்தலில் வேட்பாளரின் தகுதியை அதிபர் தேர்தல் குழு பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. தனியார் துறையிலிருந்து வருபவர் நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் 500 மில்லியன் வெள்ளிக்குக் குறையாமல் இருந்ததா என்பது வரை ஆராய்கிறார்கள். பொதுத்தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் உள்ள சாதனைப் பட்டியலுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. நாம்தான் பார்க்க வேண்டும். நேரமும் குறைவு: 2025-இல் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23, வாக்களிப்பு மே 3. இப்போதைய உறுப்பினர் மறுபடி நிற்பார் என்று தோன்றினால் அதற்கு முன்பே தேடத் தொடங்கிவிடுங்கள்.

என் மதிப்பெண்: நாடாளுமன்ற அறிக்கைத் தளத்துக்கு ஐந்துக்கு நாலு, நியூஸ்பேப்பர்எஸ்ஜிக்கு மூன்றரை. முதலாவதில் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஓர் உறுப்பினரின் பெயரைத் தொட்டால் அவருடைய வருகை, கேள்விகள், பதிவான வாக்குகள் மூன்றும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். தகவல் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மாமா போன்றவர்கள் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் தாங்களே பார்த்துக்கொள்ளும்படி, எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தால் நல்லது.