ஊருணியை ஒரே மூச்சில், கண்மாயைச் சுற்றுச் சுற்றாக: இரண்டும் செய்து பார்த்த அலசல்

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரில் நீர்நிலை இரண்டு: சிவன் கோயிலை ஒட்டிய ஊருணி, மேற்கே வயலுக்கு மேல் கண்மாய். ஊருணியை 2018 கோடையில் ஒரே திட்டமாக எடுத்து ஒரே மூச்சில் தூர் வாரி முடித்தோம். கண்மாயை 2021லிருந்து மாதம் ஒரு முறை நடந்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வருகிறோம். இரண்டு கமிட்டியிலும் நான் இருந்தேன். எந்த வழியில் போகலாம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்கிறார்கள். நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை. நான் கண்மாய்க் கட்சி.

மண் அள்ள மெஷின் கிடைக்கிறது. ஆட்களை ஒன்று சேர்க்கத்தான் மெஷின் கிடையாது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குள் இருந்தால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் போனால் நீர்வளத் துறை. எல்லைக்கல்லும் புறம்போக்குக் கணக்கும் வருவாய்த் துறையில். உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் பரப்பில், சமூகக் காடு என்று நட்ட மரங்கள் வனத்துறைக் கணக்கில். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் சாலைக்காரர்களைக் கேட்க வேண்டும். 100 நாள் வேலை ஆட்கள் ஊராட்சி மூலமாக வருவார்கள். வண்டல் அள்ளுவதற்குத் தனி அனுமதி. தண்ணீர் வரும் பாதை ஒன்றுதான், அதில் கால் வைக்க ஐந்து இடத்தில் கையெழுத்து.

முதல் வழியின் நல்லது கெட்டது எல்லோருக்கும் தெரியும். மதிப்பீடு ஒன்று, ஒப்பந்தம் ஒன்று, திறப்பு விழா ஒன்று. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் கேட்பது சுலபம், ஏனென்றால் முடிந்த வேலையைப் போட்டோவில் காட்டலாம். நாற்பது நாளில் ஊருணி பளிச்சென்று ஆனது. ஒப்பந்தக்காரர் மண் ஆசையில் ஓர் ஆள் மட்டத்துக்கு மேல் தோண்டிவிட்டார். அடியில் இருந்த களிமண் படுகை கிழிந்து செம்பாறாங்கல் தெரிந்தது. வழக்கமாகச் சித்திரை வரை நிற்கும் தண்ணீர் அந்த வருஷம் மாசியிலேயே இறங்கிவிட்டது. கால்வாசி தோண்டி ஒரு மழை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க ஒப்பந்தத்தில் இடமில்லை. இது நாங்கள் பட்ட பாடு, ஒரே மூச்சில் செய்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆவார்கள் என்று சொல்லவில்லை.

இரண்டாவது வழி எனக்குத் தொழிற்சாலையில் பழக்கம். வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப்பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். திட்டமிடு, செய், பார், திருத்து. திரும்ப முதலிலிருந்து. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூவார்ட் விதைத்த யோசனை, 1950ல் தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் ஜப்பானில் நடத்திய வகுப்புகளால் அங்கே வேர்பிடித்தது. 1998ல் நம் ஊர் பிரேக் கம்பெனி சுந்தரம் கிளேட்டன், தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருது வாங்கியபோது எங்கள் கம்பெனியிலும் சுவரெல்லாம் சார்ட் முளைத்தது. காடு, நீர் சார்ந்த வேலைக்கும் இதற்கு ஒரு சகோதர முறை உண்டு. சூழலியலாளர் ஹோலிங்கும் கூட்டாளிகளும் 1978ல் தகவமைப்பு மேலாண்மை என்று புத்தகமே போட்டார்கள். செய்வதையே சோதனையாக நினைத்துச் செய், விளைவைப் பார்த்து அடுத்ததை மாற்று என்பதுதான் சாரம். பெயரைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், அதனால் நாங்கள் அதை ‘நடை’ என்றே சொல்கிறோம்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. அலுவலகம் திறக்கும் முன் என்பதால் அதிகாரிகளும் வர முடிகிறது. சாலையிலிருந்து கண்மாய் வரை வரத்துக்காலை ஒட்டி நடக்கிறோம். கையில் ஒரே ஒரு தாள். போன மாதம் என்ன சொன்னோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன. இவ்வளவுதான். அறைக்குள் மேப்பை விரித்துக்கொண்டு பேசும் கூட்டத்துக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அடைப்புக்கு முன்னால் நின்றுகொண்டு அது எங்கள் எல்லை இல்லை என்று சொல்வது கஷ்டம்.

ஓர் உதாரணம். 2021 கார்த்திகையில் நல்ல மழை, கண்மாயில் பாதிதான் தண்ணீர். ஏன்? வரத்துக்காலில் ஓட்டமில்லை. ஏன்? சாலைக்கு அடியில் உள்ள குழாய்ப் பாலத்துக்கு மேற்கே தேங்கி நின்றது. ஏன்? குழாயின் வாய் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரம். ஏன்? சாலையைப் புதுப்பித்தபோது பழைய குழாயை எடுத்துவிட்டு உயரமாக வைத்திருக்கிறார்கள். ஏன்? அந்த இடத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்று வேலை வரைபடத்தில் குறிப்பே இல்லை. வழக்கமான கூட்டமாக இருந்தால் இரண்டாவது ஏனிலேயே வாய்க்காலைத் தூர் வாரத் தீர்மானம் போட்டுக் கலைந்திருப்போம். ஐந்தாவது வரை போனதால் தேவைப்பட்டது வேறு என்று தெரிந்தது. கிராமப் புலப்படத்தின் நகலில் வாய்க்காலைச் சிவப்புக் கோட்டில் போட்டுச் சம்பந்தப்பட்ட எல்லா மேசையிலும் வைத்தோம். குழாயை இறக்கி வைக்க ஒன்பது மாதம் ஆனது. வேகம் என்று பார்த்தால் இந்த வழி தோற்றுப்போகும், அதை மறைக்கவில்லை.

ஆனால் நான் முடிவெடுத்தது வேகத்தை வைத்து இல்லை. ஊருணி திறப்பு விழா அன்று ஒரு ஆச்சி என்னிடம் கேட்டார்கள்: “வாரியாச்சு, சரிப்பா. அடுத்த வருசம் யாரு வருவா?” என்னிடம் பதில் இல்லை. மராமத்துதான் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி, அதிலும் சீமைக்கருவேலம்.

2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது சிவகங்கைப் பக்கம் எங்கே பார்த்தாலும் ஜேசிபி சத்தம். எங்கள் கண்மாயிலும் அப்போது வெட்டினார்கள். தரைக்கு மேலே வெட்டினார்கள். அடுத்த மழைக்கு ஒரு தூருக்கு நாலு கிளை வந்தது. வேரோடு பிடுங்கிய இடமும் தப்பவில்லை. நெற்றை ஆடு மாடு தின்னும், சாணியோடு விதை விழும், விழுந்த இடத்தில் முளைக்கும். மேய்ச்சல் நிற்காத வரை விதையும் நிற்காது. மேய்ச்சலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. ஆக இது ஒருமுறை செய்து கணக்கை மூடும் வேலையே இல்லை. ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு, இந்த மரத்துக்குக் கிடையாது.

நடையில் இதை எப்படிப் பிடித்தோம் என்றால், உள்வாயை எட்டுத் துண்டாகப் பிரித்தோம். முதல் வருஷம் ஒரே துண்டில் மட்டும் மூன்று விதமாகச் செய்து பார்த்தோம்: வெட்டி விட்டது, தூரோடு தோண்டியது, தோண்டிய பிறகு ஐப்பசி மழையில் முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்கியது. மூன்றாவதுதான் நின்றது. மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரக் கன்று ஒரு இழுப்பில் வரும். தையில் அதே கன்றுக்குக் கடப்பாரை வேண்டும். ஐப்பசியில் இரண்டு நாள் ஆட்களைத் திருப்பிவிட வேண்டும் என்ற அந்த ஒரு தகவலுக்காகத்தான் ஒரு வருஷம் செலவழித்தோம். வெட்டிய கட்டையைக் கரிமூட்டம் போடுபவர் எடுத்துக்கொள்கிறார், அதனால் தோண்டும் செலவில் பாதி இறங்கியது. இதுவும் யாரும் திட்டத்தில் எழுதியதில்லை. நடக்கும்போது எதிரே சைக்கிளில் வந்தவர் கேட்டது.

இன்னொன்று, மெஷின் எல்லா முள் மரத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கும். நாட்டுக் கருவேலம் நிற்க வேண்டும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில்தான். துண்டு துண்டாகப் போனதால் எதை விடுவது என்று அடையாளம் வைக்க நேரம் இருந்தது.

அதிகாரி மாறுதல்? மூன்று வருஷத்தில் ஒரு மேசையில் மட்டும் மூன்று பேர் மாறினார்கள். ஊருணி வேலையில் இப்படி ஒரு மாறுதலுக்குப் பிறகு கோப்பையே தேட வேண்டியிருந்தது. இப்போது புதிதாக வருபவரிடம் பழைய தாள்களைக் கொடுத்து, அடுத்த செவ்வாய் வாங்க சார் என்கிறோம்.

இதையெல்லாம் குடிமராமத்து என்று முன்னோர்கள் செய்தார்களே என்று சிலர் சொல்வார்கள். வருஷா வருஷம் என்ற ஒழுங்கு அதில் இருந்தது உண்மை. மண் சுமந்தது யார், கரையில் குடை பிடித்து நின்றது யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் நடையில் தாளை எழுதும் முறை வீட்டுக்கு வீடு சுற்றி வருகிறது. இந்த ஒன்றுக்காகவே ஆரம்பத்தில் இரண்டு கூட்டம் சண்டையில் முடிந்தது.

பெரிய அளவில் இது எடுபடுமா என்று கேட்டால் நான் தயங்குவேன். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவைச் சுத்தப்படுத்த, தண்ணீரில் கலக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் கழிவை 2000க்குள் 40 சதவீதம் குறைப்போம் என்று 1987ல் ஒரே பெரிய இலக்கு வைத்து, எட்டாமல் விட்டார்கள். பிறகு 2009ல் இரண்டு வருஷத்துக்கு ஒரு சிறு இலக்கு என்று மாறினார்கள். ஆறு மாநிலமும் தலைநகரும் சேர்ந்த வேலை. சறுக்கல் முன்கூட்டியே தெரிந்தது. ஆனாலும் 2025க்குள் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு முழுதாகக் கைகூடவில்லை. சறுக்குவது தெரிவதும் சறுக்காமல் இருப்பதும் வேறு வேறு. எங்கள் கண்மாய் சின்னது, பார்த்தது நான்கைந்து மழைக்காலம்தான், அதில் உருப்படியான மழை இரண்டு.

அப்புறம், ஒரே மூச்சு வழிதான் சரி என்ற இடங்களும் உண்டு. மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு உடைந்தால், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையில் கசிவு கண்டால், கரை அரித்தால் எஸ்டிமேட் போட்டு அந்தக் கோடையிலேயே கட்டிவிடுங்கள். உடைந்த கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறேன் என்றால் ஐப்பசி காத்திருக்காது. ஆக்கிரமிப்புக்கும் நடை உதவவில்லை. எங்கள் தாளில் ஒரு வரி முதல் மாதத்திலிருந்து மாறாமல் அப்படியே இருக்கிறது.

போன புரட்டாசியில் ஊருணியையும் தாளில் ஏற்றினோம். தெருக்கால்வாய்கள் நான்கு வாயில் ஊருணிக்குள் இறங்குகின்றன. முதல் வரி, வண்டல் தொட்டி, ஒரே ஒரு வாய்க்கு மட்டும். மீதி மூன்று, தொட்டியில் எத்தனை கூடை மண் சேர்கிறது என்று தையில் எண்ணிய பிறகு.